தேனீக்கு எந்த மரம், எந்தச் செடி? காவிரிப் படுகையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாபநாசம் பக்கம் வீட்டுக்கொல்லையிலும் வயலை ஒட்டிய திடலிலுமாக ஏழு தேன் பெட்டிகள் வைத்திருக்கிறேன். பெட்டியைப் பார்க்க வருகிறவர்கள் தேன் என்ன விலை என்று கேட்ட கையோடு, எங்கள் இடத்தில் என்ன மரம் வைக்கலாம் என்றும் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் மாவட்டங்களை மனதில் வைத்துச் சொல்வது இது. கொங்கு நாட்டுக்கும் மலையடிவாரத்துக்கும் கணக்கு வேறு.

டெல்டாவில் எங்கே பார்த்தாலும் பச்சை. தேனீக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

நானும் அப்படித்தான் நினைத்தேன். முதல் பெட்டி வாங்கியபோது பயிற்சி கொடுத்தவரும், "உங்கள் ஊரில் வருஷம் முழுக்கப் பச்சை, கவலையே வேண்டாம்" என்று சொல்லித்தான் அனுப்பினார். வாங்கியது பங்குனியில். ஆனி வரை பெட்டி கனத்துக்கொண்டே போனது. ஐப்பசியில் அடைமழை பிடித்தது; ஒன்பது நாள் நான் பெட்டிப் பக்கம் போகவில்லை. வெயில் எட்டிப் பார்த்த அன்று மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு தேனீகூட இல்லை. செத்துக் கிடக்கவும் இல்லை. தேன் இருந்த அறைகளும் மகரந்தம் இருந்த அறைகளும் துடைத்து வைத்தாற்போல் காலி. மெழுகுப் புழு மட்டும் அடையில் வலை பின்னிக்கொண்டிருந்தது. இரை அற்றுப்போனால், பெட்டியில் நாம் வளர்க்கும் அடுக்குத் தேனீ இருந்து சாவதில்லை, கூட்டத்தோடு கிளம்பிவிடும்.

நாம் பார்க்கும் பச்சை எல்லாம் நெல். நெல் தன் மகரந்தத்தாலேயே மணி பிடிக்கும் பயிர். பூச்சியை அழைக்க வேண்டிய தேவை அதற்கு இல்லை, ஆகவே பூவில் தேனும் இல்லை. கதிர் வெளியே தள்ளியபின் காலை ஒன்பது, பத்து மணி வாக்கில் உமி இரண்டும் வாய் திறக்கும். நூல்போன்ற காம்புகளில் வெளிறிய மகரந்தப் பைகள் வெளியே தொங்கும். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் வாய் மூடிக்கொள்ளும். அந்த நேரம் வரப்பில் அசையாமல் நின்றால், தேனீ கதிரைக் கட்டிப்பிடித்துத் தொங்கியபடி மகரந்தம் திரட்டுவதைப் பார்க்கலாம். ஒரு வயலில் இந்த விருந்து ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள். மழை பெய்தால் அதுவும் கிடையாது.

நன்னிலத்துச் சிவனுக்கு மதுவனேசுவரர் என்று பெயர். தேவர்கள் தேனீ வடிவெடுத்து வழிபட்ட தலம் என்கிறது தலபுராணம். ஊரை மதுவனம் என்று அழைத்த காலத்தில் வயலுக்கு நடுவே கொஞ்சம் வனமும் இருந்திருக்க வேண்டும்.

மகரந்தம் தரும் செடி வேறு, தேன் தரும் செடி வேறா?

பல பூக்களில் இரண்டும் உண்டு, அளவுதான் வேறு. பூவின் அடியில் ஊறும் இனிப்பு நீரைத்தான் தேனீ குடித்து வந்து, நீரை வற்றவைத்துத் தேனாக்குகிறது. பறப்பதற்கான தெம்பு அதிலிருந்து வருகிறது. மகரந்தம் குஞ்சுகளுக்கு, புழுக்கள் வளர வேண்டிய புரதம் அதில்தான் இருக்கிறது. இனிப்பு குறைந்தால் சர்க்கரைப் பாகு வைத்துச் சில வாரம் சமாளிக்கலாம். மகரந்தம் நின்றால் ராணி முட்டையிடுவதைக் குறைத்துவிடும், ஒரு மாதத்தில் கூட்டம் மெலிந்துவிடும்.

புங்கை, புளி, நாவல், வேம்பு எல்லாம் இனிப்புப் பக்கம். தென்னை, பனை, மக்காச்சோளம், கொய்யா எல்லாம் மகரந்தப் பக்கம். உங்கள் ஊரில் எது குறை என்று தெரிய வேண்டுமானால், காலை ஏழு மணிக்குப் பெட்டி வாசலுக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்து பத்து நிமிடம் பாருங்கள். பின்னங்கால்களில் மஞ்சள், வெள்ளை, ஆரஞ்சு உருண்டைகளோடு இறங்குபவை மகரந்தம் கொண்டுவருபவை. கால் வெறுமையாக, வயிறு கனத்து, வாசல் பலகையில் தொப்பென்று விழுகிறவை தேனோடு வருபவை. (நேர் எதிரே உட்காராதீர்கள். அவற்றின் வழியை மறித்தால் கோபம் வரும்.)

எந்த மாதத்தில் எது பூக்கிறது?

தை பிறந்தால் கொடுக்காப்புளி. அதைத் தொடர்ந்து முருங்கை, மா, தரிசில் விதைத்த உளுந்து, பயறு. மாசிக்குப் பின் பனையில் ஆண் பாளை. பங்குனி, சித்திரையில் புங்கை, வேம்பு, நாவல், இலுப்பை என்று எல்லாம் ஒன்றன் தலையில் ஒன்று ஏறிக்கொண்டு பூக்கும். வருஷப்பிறப்புப் பச்சடிக்கு நாம் வேப்பம்பூ பொறுக்கும் அதே வாரத்தில் தேனீயும் மரத்தில்தான் இருக்கிறது. அந்தத் தேனில் மெல்லிய கசப்பு தெரியும். கலப்படம் என்று நினைத்துத் திருப்பிக் கொண்டுவந்தவர்களும் உண்டு. வைகாசி, ஆனியில் புளியும் நீர்மருதும். புளியம்பூத் தேன் செம்பொன் நிறம், லேசாகப் புளிக்கும். எனக்குப் பிடித்தது அதுதான். திருவிடைமருதூருக்கே பெயர் கொடுத்த மரம் மருது. காவிரிக் கரையில் அது பூத்து நின்றால் அடியில் நிற்பவருக்கு மேலே ரீங்காரம் கேட்கும்.

ஆடியிலிருந்து இறங்குமுகம். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி பாதி வரை பஞ்சம். வடகிழக்குப் பருவமழை ஒரு பக்கம் பறக்க விடாது. விட்டாலும் போய் உட்காரப் பூ இருக்காது.

மரம் வைக்கிறேன் என்று வருகிறவர்கள் பத்துப் பேரில் எட்டுப் பேர் புங்கையும் வேம்பும் சொல்கிறார்கள். நல்ல மரங்கள்தான். ஆனால் அவை பூக்கும்போது தேனீ ஏற்கெனவே விருந்தில் இருக்கிறது. கார்த்திகையில் என்ன பூக்கும் என்று முதலில் கேளுங்கள், அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள்.

சரி, கார்த்திகைக்கு என்னதான் வைப்பது?

மரத்தில் எனக்கு முதல் தேர்வு பூந்திக்கொட்டை. பூவந்தி என்றும் சொல்வார்கள், பட்டு துவைக்க நுரை எடுக்கும் காய். மழைக்காலத்தில் பூக்கிற அருமையான மரம். பூ கண்ணில் படாத அளவு சிறியது, தேனீ விடாது. தண்ணீர் தேங்கும் இடத்தில் வராது, மேட்டில் வையுங்கள். அடுத்தது இலந்தை. ஆவணி, புரட்டாசியில் அது பூத்தால் ஒரு வீச்சம் அடிக்கும், வாசலில் வைக்க வீட்டில் ஒப்பமாட்டார்கள். கொல்லைக் கோடியில் வையுங்கள். ஈயும் வரும், தேனீயும் வரும்.

வேலிக்கு நொச்சி. குச்சியை ஒடித்து நட்டால் துளிர்க்கும், ஆடு கடிக்காது, ஆண்டின் பெரும்பகுதி ஊதாப் பூ வைத்திருக்கும். சிமெண்ட் கம்பமும் முள்கம்பியும் போட்டு வேலி அடைக்கிற காசில் பாதி மிச்சம் என்பது தனி. வரப்பில் துவரை: ஆடியில் ஊன்றினால் கார்த்திகை, மார்கழியில் பூக்கும் நீண்ட கால ரகம் வேண்டும், குறுகிய கால ரகம் அதற்கு முன்பே முடிந்துவிடும். வீட்டு முகப்பில் கொடி ரோஜா. இளஞ்சிவப்புப் பூச்சரம் தொங்கும் அந்தக் கொடி பெரும்பாலும் எந்த மாதமும் பூவில்லாமல் இருப்பதில்லை. ஏறவிட்டால் மின்கம்பி வரை போகும், ஆண்டுக்கு இரண்டு முறை வெட்டிவிட வேண்டும்.

இதை எல்லாம்விட எளிதான ஒன்று உண்டு: புல்லை வழிக்காமல் விடுவது. வாய்க்கால் கரையில் படர்ந்து கிடக்கும் பொடுதலை, வரப்பில் நிற்கும் வெட்டுக்காயப் பூண்டு, மழைக்குப் பின் திடலெங்கும் வெள்ளையாக வரும் தும்பை, நாயுருவி. பஞ்ச மாதங்களில் என் பெட்டிகளை இவைதான் தாங்குகின்றன. தும்பைப் பூவைத் தேனீ அணுகுவதைக் கிட்டத்தில் பாருங்கள். கீழுதட்டில் இறங்கி, தலையை உள்ளே விட்டதும், மேலே வளைந்திருக்கும் மயிரடர்ந்த இதழுக்குள்ளிருந்து மகரந்தம் அதன் தலையிலும் முதுகிலும் படியும். பொட்டு இட்டதுபோல் தலையில் பொடியோடு வெளியே வரும். களைக்கொல்லி அடித்த வரப்பில் இந்தக் காட்சி இல்லை. நூறு நாள் வேலையில் கரை சுத்தம் செய்கிறவர்களிடம் ஒரு பக்கக் கரையையாவது விட்டுவையுங்கள் என்று கேட்டுப் பார்த்தேன். சிரித்தார்கள், ஆனால் விட்டார்கள்.

தென்னந்தோப்பு இருக்கிறது. அது போதாதா?

தென்னைதான் டெல்டாத் தேனீயின் பழைய சோறு. மாதத்துக்கு ஒன்று வீதம் பாளை வெடித்துக்கொண்டே இருப்பதால் தோப்பில் எப்போதும் ஏதோ ஒரு மரத்தில் ஆண்பூ இருக்கும். காலையில் மகரந்தம், பெண்பூ விரியும் நாட்களில் கொஞ்சம் இனிப்பு. பெட்டி வைக்க நிழலும் அங்கேயே கிடைக்கும். ஆனால் வெறும் தென்னை மட்டும் என்றால் கூட்டம் பிழைத்திருக்கும், தேன் எடுக்க மிஞ்சாது. தோப்பு ஓரத்தில் நாவலும் புங்கையும் நான்கு இருக்கட்டும், நடுவில் துளசியோ திருநீற்றுப் பச்சிலையோ போடுங்கள்.

ஒரே மரத்தை நம்புவதில் வேறு ஆபத்தும் இருக்கிறது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் தோப்பு தோப்பாகச் சாய்த்தது. நவம்பர் என்றால் ஐப்பசி முடிந்து கார்த்திகை பிறக்கும் நேரம். தேனீயின் பஞ்சகாலத்தில் அதன் ஒரே சோற்றுப்பானையும் உடைந்தது.

வாழையில் தேனீ மொய்க்கிறதே, தார் கெட்டுவிடாதா?

கெடாது. பூவனோ மொந்தனோ விதை இல்லாமலே காய்க்கும் வாழை. தேனீ வந்தாலும் வராவிட்டாலும் தார் ஒன்றுதான். ஆனால் தேனீக்கு வாழை பெரிய வரவு. மடல் ஒன்று மேலே தூக்கிக்கொள்ளும்போது அதன் அடியில் வரிசையாக நிற்கும் பூக்களின் அடிப்பக்கத்தைப் பாருங்கள், பாகுபோல் ஒரு சொட்டு நிற்கும். சிறுவயதில் நாம் எல்லோரும் உருவி உறிஞ்சியதுதான். கடைசிச் சீப்பு வந்தபின்னும் கீழே மொட்டு நாளுக்கொரு மடலாக வாரக்கணக்கில் விரிந்துகொண்டே போகும், அதில் இருப்பவை எல்லாம் ஆண்பூக்கள்.

நாம் அதை ஒடித்துவிடுகிறோம். ஒடித்தால் தாருக்குச் சத்து சேரும், வாழைப்பூ விற்றும் காசு. தவறு என்று சொல்லமாட்டேன். திருவையாறு, திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் ஏக்கர் கணக்கில் வாழை போடுகிறவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான்: ஓரத்து வரிசையில் பத்து மரங்களில் மட்டும் மழைக்காலத்தில் பூவை ஒடிக்காதீர்கள். அந்தப் பத்து மரங்களைத் தேடி என் தேனீக்கள் தூறலிலும் போய் வருகின்றன. விரிந்த மடல் குடைபோல் மேலே கவிந்திருப்பதால் உள்ளே சொட்டு கரையாமல் இருக்கிறது போலும்.

உளுந்து, எள் போட்டால் தேனீக்குப் பயனா, பயிருக்குப் பயனா?

உளுந்து தானே சூல்கொள்ளும், தேனீயால் பெரிய மாற்றம் இருக்காது. தேனீக்குக் கொஞ்சம் தீனி. எள்ளும் பெரும்பாலும் தானே காய்க்கும், ஆனால் தேனீ வந்தால் காய்ப்பு கூடுகிறது. காலையில் மணிபோல் விரியும் பூ மாலைக்குள் உதிர்ந்துவிடும், அதற்குள் நூறு முறை தேனீ நுழைந்து வரும். பூசணி, பரங்கி, வெள்ளரி, பாகல் போன்ற கொடிகள்தாம் தேனீயை உண்மையிலேயே நம்பியிருப்பவை. ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. யாராவது தூக்கிச் சென்றால்தான் பிஞ்சு நிற்கும். பீர்க்கு மாலையில் பூக்கும், சுரை இரவில் பூக்கும்; அவற்றுக்கு அந்திப் பூச்சிகளும் வேண்டும்.

எங்கள் நிலம் கடைமடை, உப்புத் தண்ணீர். எது வரும்?

புங்கை, பூவரசு, புன்னை, பனை, இலந்தை. ஐந்தும் தாங்கும். புன்னையில் பொன்னிற மகரந்தம் நிறைய. பூத்த நாளில் வாசனையே வழி காட்டும். முத்துப்பேட்டைப் பக்கம் அலையாத்திக் காடு அருகில் இருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர், அலையாத்திப் பூவில் தேன் உண்டு. உப்பு இல்லை, தண்ணீர்தான் தேங்குகிறது என்றால் நீர்மருது, நாவல், நீர்க்கடம்பு. முருங்கையை மட்டும் பள்ளத்தில் வைத்துவிடாதீர்கள், ஒரு வெள்ளத்தில் வேர் அழுகிவிடும்.

வாய்க்கால் கரையில் வைப்பதானால் ஊராட்சியிலும் நீர்வளத் துறையிலும் கேட்டுக்கொண்டு வையுங்கள். தூர்வாரும் இயந்திரம் வரும்போது மரம் குறுக்கே நின்றால் வெட்டத்தான் செய்வார்கள்.

வாசலில் அழகுக்கு வைத்திருக்கும் செடிகள் போதாதா?

அரளியில் தேனே கிடையாது. இட்லிப்பூவின் குழாய் நீளம், பட்டாம்பூச்சிக்கு எட்டும், தேனீக்கு எட்டாது. காகிதப்பூ பெயருக்கேற்றபடி. அடுக்குச் செம்பருத்தி, அடுக்கு ரோஜா போன்றவற்றில் மகரந்தம் தாங்க வேண்டிய தாள்களே இதழாக மாறிவிட்டன. பார்க்க அழகு, தேனீக்குக் கதவடைப்பு. மல்லிகை மணப்பது அந்திப் பூச்சிக்காக. இவற்றுக்கு நடுவே ஒரு துளசி மாடம் இருந்தால் அது ஒன்றே இவை அனைத்துக்கும் மேல். என்ன, கதிரைக் கிள்ளாமல் விட வேண்டும். கிள்ளினால்தான் செடி தழைக்கும் என்று வீட்டில் சொல்வார்கள்; இரண்டு செடி வைத்து ஒன்றைக் கிள்ளுங்கள்.

சீமைக் கருவேலத்திலும் தைல மரத்திலும் நிறையத் தேன் என்கிறார்களே?

உண்மைதான். ஆனாலும் வைக்காதீர்கள். சீமைக் கருவேலம் யாரும் வைக்காமலே வந்து நிற்கிறது. பக்கத்தில் ஏற்கெனவே இருந்தால் தேனீ எடுத்துக்கொள்ளட்டும்.

வைக்கவே கூடாத மரம் உண்டா?

ஆப்பிரிக்கத் துலிப் மரம். சாலையோரங்களில் நெருப்புச் சிவப்பில் கிண்ணம்போலப் பூக்கும். அந்தப் பூவுக்குள், கொட்டாத சிறு இனமான கொசுத் தேனீக்கள் செத்துக் கிடப்பதைப் பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள்.

எத்தனை மரம், எவ்வளவு தூரத்தில்?

அடுக்குத் தேனீ பெரும்பாலும் ஒரு கிலோமீட்டருக்குள் மேயும். வீட்டு மூலைப் பொந்தில், சுவர் ஓட்டையில் குடியிருக்கும் கொசுத் தேனீ அரைக் கிலோமீட்டர் தாண்டுவது அரிது. மரக்கிளையில் பெரிய அடையாகத் தொங்கும் மலைத்தேனீ பல கிலோமீட்டர் போகும், அதற்காக நாம் திட்டமிட வேண்டியதில்லை. ஆகவே மரம் உங்கள் நிலத்தில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பெட்டி வைக்கும் முன் நாலாபுறமும் ஒரு கிலோமீட்டர் தூரம் வரை ஒரு முறை சைக்கிளில் சுற்றி வாருங்கள். கோயில் நந்தவனம், பள்ளிக்கூடத்து வேம்பு, குளக்கரை நாவல் எல்லாம் உங்கள் கணக்கில் சேரும். எது இல்லையோ அதை வையுங்கள்.

வைத்தால் எப்போது பூக்கும்?

செடிமுருங்கை ஆறு மாதம். நொச்சியும் கொடி ரோஜாவும் ஓராண்டுக்குள். புங்கை, வேம்பு நான்கைந்து ஆண்டுகள். விதையில் வந்த நாவலும் புளியும் எட்டு, பத்து ஆண்டுகள் கேட்கும். ஒட்டுக்கன்று வாங்கினால் பாதிக் காலம். கன்றுகளை வனத்துறை நாற்றங்கால்களில் விசாரியுங்கள்.

பயிருக்கு மருந்து அடிக்கிறார்களே?

பெட்டி இழப்பில் பஞ்சத்துக்கு அடுத்த காரணம் இது. பக்கத்து வயல்காரரிடம் மருந்தே அடிக்காதீர்கள் என்றால் கேட்கமாட்டார். பூக்கும் பருவத்தில் வேண்டாம், அடித்தே ஆக வேண்டுமென்றால் மாலை ஐந்து மணிக்கு மேல் அடியுங்கள் அண்ணன், முதல் நாளே எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றால் கேட்பார். மருந்து அடித்த மறுநாள் விடியும் முன் பெட்டி வாசலை வலைத்துணியால் மூடி, நிழலில் வைத்து, நண்பகலுக்குப் பின் திறந்துவிடலாம். உளுந்தில் வெள்ளை ஈக்கு இமிடாகுளோபிரிட் அடிக்கும் வாரம்தான் எனக்குத் தூக்கம் வராது. செடிக்குள் ஊடுருவிப் பூவரைக்கும் போகிற மருந்து அது. ஆண்டுக்கு ஒரு பாட்டில் தேன் அந்த வீட்டுக்குப் போகிறது. செலவில் எழுதிக்கொள்கிறேன்.

பெட்டி எல்லாம் வேண்டாம், மரம் மட்டும் வைக்கிறேன். தேனீ வருமா?

வரும். என் அத்தை வீட்டில் பெட்டி கிடையாது. திண்ணைத் தூணுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள விரிசலில் கொசுத் தேனீ குடியிருக்கிறது, வாசலில் மெழுகுக் குழாய் ஒன்று விரல் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும். கொட்டாது, முடிக்குள் புகுந்து தொல்லை செய்யும், அவ்வளவே. போன வருஷம் வெள்ளையடிக்க வந்தவர் விரிசலைச் சிமெண்ட் வைத்துப் பூசப் போனார். அத்தை அவரை நிறுத்தி, அந்த ஒரு சாண் இடத்தை மட்டும் பழைய சுண்ணாம்போடு விட்டுவிடச் சொன்னார். எதிரே முருங்கை பூத்திருந்தது.